கணக்குப் பார்க்கிறவன் வீட்டுக் குளிர்

ஹாரோ,
17-11-2024.

என் அன்புக்குரிய மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.  

சென்ற ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பாவாகிய என் அத்தானுடைய திவசத்தன்று, படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நீ உன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, வாயுவும் மின்சாரமும் விற்கும் கொம்பனிகளின் பெயர்களை வரிசையாகக் காட்டி, இப்போதிருக்கும் கொம்பனியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் வருஷத்துக்கு 142 பவுண் மிச்சம் என்று சொல்லி, “மாமா என்ன சொல்லுறியள்?” என்று கேட்டபோது, நான் மறுமொழி சொல்லாமல் பாயசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது உனக்கு மனவருத்தமாக இருந்திருக்கும். அன்றைய தினத்தில், அந்த வீட்டில், அந்தப் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நடுநிலையாகப் பேச என்னால் இயலாதென்பது அக்காவுக்குத் தெரியும். உனக்கும் ஓரளவு தெரியும். ஆகையால் எழுதுகிறேன்.

அன்று இன்னொன்றையும் கண்டேன். உன் மகள் வாசலால் உள்ளே வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே ஓடிப்போய், சன்னலுக்குக் கீழேயிருந்த ரேடியேற்றரின்மேல் இரண்டு கையையும் வைத்து, “அம்மம்மா, இது சுடுது!” என்று அதிசயப்பட்டாள். நான்கு வயதுப் பிள்ளை கார்த்திகை மாதத்தில் அதிசயப்படவேண்டிய பொருளல்ல அது. மருமகனுடைய வேலை விஷயத்தை நான் கேட்கப் போவதில்லை. அக்கா சொன்ன அளவே எனக்குப் போதும். ஆனால் 142 பவுணைத் தேடி இரவெல்லாம் பட்டியல் பார்க்கும் நிலைமைக்கு என் மருமகள் வந்திருக்கிறாளென்றால், மிச்சம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

மாறுவதும் மாறாமலிருப்பதும் முழுக்க முழுக்க உன் இஷ்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தேசத்துக்கு வந்த காலத்தில் இந்த இஷ்டமென்பதே கிடையாது. வாயு அரசாங்கத்தினுடையது, மின்சாரம் அந்தந்தப் பகுதிக்குரிய சபையினுடையது, பில் வந்தால் கட்டவேண்டும், அவ்வளவுதான். 1986-ல் வாயுக் கொம்பனியின் பங்குகளையும், 1990-ல் மின்சாரச் சபைகளின் பங்குகளையும் விற்றார்கள். 1996-ல் தென்மேற்கு இங்கிலாந்தில் ஆரம்பித்து, 1998-க்குள் பிரித்தானியா முழுவதிலும் எவரிடமும் வாயு வாங்கலாம் என்றும், 1999-க்குள் மின்சாரமும் அப்படியே என்றும் திறந்துவிட்டார்கள். திறந்தது எதை என்பதைத்தான் நீ யோசிக்கவேண்டும். உன் அடுப்புக்கு வரும் வாயு எந்தக் கொம்பனியில் சேர்ந்தாலும் அதே வாயு. வரும் குழாய் அதே குழாய். மின்சாரம் வரும் கம்பியும் அதே கம்பி. நாளைக்கு உன் தெரு இருண்டுபோனால் அதைத் திருத்த வருகிறவன் கம்பிக்குச் சொந்தக்காரனுடைய ஆளேயன்றி, நீ மாதாமாதம் பணம் கட்டுகிற கொம்பனியின் ஆளல்லன். மாறுவதெல்லாம் பில் எழுதுகிறவனுடைய பெயர் ஒன்றே. வியாபாரம் முழுவதும் கடதாசியில் நடக்கிறது. கடதாசியில் நடக்கும் வியாபாரத்தில், கணக்கு வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே லாபம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒஃப்ஜெம் என்னும் மேற்பார்வைச் சபை 2019 தை முதல் உச்சவிலை ஒன்றை விதித்துவருகிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகிறார்கள். இந்தக் காலாண்டுக்கு அது 1,717 பவுண் என்று நீ சொன்னாய். அதற்கு மேல் எவரும் வாங்க முடியாதென்று சந்தோஷமும் பட்டாய். பிள்ளை, அது உன் பில்லுக்கு உச்சமல்ல. வருஷத்துக்கு 2,700 அலகு மின்சாரமும் 11,500 அலகு வாயுவும் பாவிக்கிற ஒரு கற்பனைக் குடும்பத்துக்குப் போட்ட கணக்கு அது. உச்சம் விதித்திருப்பது ஓர் அலகின் விலைக்கும், ஸ்டாண்டிங் சார்ஜ் என்று சொல்லப்படும் நாட்கட்டணத்துக்குமே. இடத்துக்கிடம் சற்றே வேறுபட்டாலும், சராசரியாக மின்சாரம் அலகுக்கு 24.50 பென்ஸ், வாயு 6.24 பென்ஸ், நாட்கட்டணம் மின்சாரத்துக்கு 60.99 பென்ஸ், வாயுவுக்கு 31.66 பென்ஸ். இந்த இரண்டு நாட்கட்டணங்களையும் கூட்டி 365-ஆல் பெருக்கிப் பார்: ஒரு விளக்கும் ஏற்றாமல், ஓர் அடுப்பும் பற்றவைக்காமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தாலும், வருஷத்துக்கு 338 பவுண் கட்டவேண்டும். ஆகவே “இவ்வளவு மிச்சம்” என்று கொட்டை எழுத்தில் காட்டுவதைப் பாராதே; அலகு விலை என்ன, நாட்கட்டணம் என்ன என்று இரண்டையும் வெவ்வேறாகப் பார். உன் குடும்பம் எத்தனை அலகு பாவிக்கிறதென்பது உனக்கே தெரியாதபோது, 142 பவுண் மிச்சமென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

இங்கேதான் எனக்கு 2003-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் விடலாமென்றுதான் இருந்தேன்.

அந்த வருஷம் ஆவணி மாதத்து ஞாயிறொன்றில், கழுத்தில் அட்டையும் கையில் படிவமுமாக வீடு வீடாகத் திரிந்த ஒரு பொடியனை அத்தான் தம் வீட்டில் இருத்தித் தேநீரும் கொடுத்து, தாம் கையெழுத்து வைத்ததுமன்றி, என் வீட்டுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். “வருஷம் நூறு பவுண் மிச்சம், போடு தம்பி கையெழுத்தை” என்றார். மூத்தவர் சொல்லும்போது படிவத்தைத் தலைகீழாகப் புரட்டிப் படிப்பது மரியாதையல்லவென்று போட்டேன். வாயுவுக்கு மாதம் 28 பவுண் கட்டிக்கொண்டிருந்தவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து, அந்த மாரிகாலத்தில், கேள்வியில்லாமல் 79 பவுண் எடுக்கத் தொடங்கினார்கள். தொலைபேசியில் கேட்டால், “குளிர்காலமல்லவா, அதிகம் பாவித்திருப்பீர்கள்” என்றார்கள். நான் குசினி மேசையில் என் பழைய கொப்பியை விரித்துவைத்து மூன்று இரவு கணக்குப் பார்த்தேன். மூன்றாம் இரவில்தான் பிடிபட்டது: 79-ஐ 28-ஆல் பிரித்தால் வருவது 2.8, நூறு கன அடியென்பது 2.83 கன மீற்றர். என் வீட்டு மானி கன மீற்றரில் அளக்கும் புதிய மானி. புதிய கொம்பனியோ அதை நூறு கன அடிக் கணக்கில் அளக்கும் பழைய மானியென்று தன் புத்தகத்தில் பதிந்துகொண்டு, நான் எரித்த ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய மூன்று அலகுக்குப் பணம் வாங்கியிருக்கிறது! அதை அவர்களுக்கு விளங்கவைக்க எனக்குப் பதினொரு மாதமும் பத்தொன்பது கடிதமும் செலவாயின. பணம் திரும்பி வந்தது. ஒரு வருத்தச் சொல் வரவில்லை.

அதுகூடப் போகட்டும். இந்த விருத்தாந்தத்தை அத்தானிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, சபையில் நாலு பேர் கேட்க, “கணக்குப் பார்க்கிறவன் வீட்டிலே எப்போதும் குளிர்தான்” என்றார். உன் சாமத்திய வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் எழுந்து போனதற்குக் காரணம் இதுவே. உன் அம்மா உனக்கு வேறு ஏதாவது சொல்லியிருப்பார். அதே கொம்பனியில் அத்தானுக்கு மிச்சம் கிடைத்ததும் உண்மைதான், மறைப்பானேன். அவருடைய மானியைச் சரியாகப் பதிந்திருந்தார்கள். அதிர்ஷ்டம் அவருக்கு எப்போதும் ஒரு படி முன்னாலேயே நடக்கும்.

இப்போது வீட்டுக் கதவைத் தட்டி விற்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. நீ கேட்பாய், காலம் மாறிவிட்டதே என்று. மாறியதுதான். 2021-ல் வாயுவின் மொத்த விலை ஏறியபோது, மலிவாகத் தருகிறோமென்று ஆள் பிடித்த கொம்பனிகள் ஏறக்குறைய முப்பது, வருஷம் திரும்புவதற்குள் விழுந்தன. அவற்றுள் பெரியதான பல்ப் என்பது மட்டும் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை வைத்திருந்தது. எவருடைய விளக்கும் அணையவில்லை, பல்ப் தவிர்ந்த மற்றக் கொம்பனிகளின் வாடிக்கையாளரை ஒஃப்ஜெம் வேறு கொம்பனிகளுக்கு மாற்றிவிட்டது, கட்டிவைத்த பணமும் பாதுகாக்கப்பட்டது என்பதை நியாயத்தின்பொருட்டு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் வைத்தார்கள்? பல்ப்பைச் சேர்க்காமலே குடும்பத்துக்கு 94 பவுண் வீதம் எல்லோருடைய பில்லிலும் ஏறுமென்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2022-ல் கணக்கிட்டது. 2003-க்குப் பிறகு மலிவைத் தேடி ஒருநாளும் மாறாத இந்தக் கிழவனும் அதைக் கட்டினான். இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்துவந்த குளிர்கால எரிபொருட் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். அது வேறு கதை.

ஆகவே நான் சொல்வது இவ்வளவே. கொம்பனியைப் பார்க்குமுன் உன் மானியைப் பார். மாதத்தின் முதலாந்தேதி காலையில், தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில், இரண்டு மானியின் எண்களையும் ஒரு கொப்பியில் எழுது. ஸ்மார்ட் மீற்றர் தானாக அனுப்புகிறதே என்று இருந்துவிடாதே. தானாக நடப்பதெல்லாம் தானாகவே பிழைத்தும் போகும். யுத்தகாலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமுமில்லை, மண்ணெண்ணெயும் வரவிடாத நாட்களில், உன் அம்மாவைப் பெற்ற கிழவி ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, முதல்நாள் எண்ணெய் எங்கே நின்றது, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் திரியை இழுப்பார். அவருக்குக் கொம்பனி தெரியாது, அளவு தெரியும். மூன்று மாதம் எழுதிப் பார்த்தால், எந்தக் கிழமையில் எண் துள்ளுகிறது, ஏன் துள்ளுகிறது என்று உனக்கே புலப்படும். உங்கள் வீட்டுப் பொயிலர் தொட்டியில்லாத கொம்பி பொயிலர். ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75-லிருந்து 60 பாகைக்கு இறக்கினால், வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், வாயு குறைவாகச் செலவாகும். அது எந்தக் கொம்பனியும் தராத மிச்சம். ஆனால் பிள்ளையின் அறை 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் யோசனை சொல்லவில்லை, கட்டளையிடுகிறேன்.

அப்படியும் மாறத்தான் போகிறாயென்றால், கையெழுத்திட்ட நாளிலிருந்து பதினான்கு நாளைக்குள் மனம் மாறலாம் என்பதை மறவாதே. நிலைத்த விலை ஒப்பந்தமானால், இடையில் விலகுவதற்கு அபராதம் உண்டா என்று கேள். முடிவுக்கு 49 நாள் இருக்கும்போதிருந்து அபராதம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. உச்சவிலை இந்தக் கிழமையில் திரும்பவும் அறிவிக்கப்படும். அதைக் கண்டு பயந்து அன்றிரவே ஒன்றிலும் விழாதே. மாறும் நாளன்று இரண்டு மானியையும் படம் பிடித்து வை.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மாமி, “பிள்ளை கேட்டது ஒரு வரி, நீங்கள் எழுதியது புராணம்” என்கிறாள். உண்மைதான். நீ கெட்டிக்காரி, பல்கலைக்கழகத்தில் கணக்கு முதல் வகுப்பில் தேறியவள், மில்டன் கீன்ஸில் தனியாக வீடு பார்த்து வாங்கியவள். நீ எந்தக் கொம்பனியைத் தெரிந்தெடுத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் ஒரு கிழவனின் புலம்பலென்று தள்ளிவிட்டு, மனம்போல் மாறு. அபராதம் ஏதும் வந்தால் அது என் பொறுப்பு.

1974-ல், ரூட்டிங்கில், நானும் இன்னொருவரும் ஓர் அறையில் இருந்தோம். அப்போது அவர் எனக்கு அத்தானல்லர். மானியில் காசு போட்டால்தான் வாயு வரும். காசு முடிந்தால் அடுப்பின் வெள்ளை ஓடுகள் சிவப்பு மங்கி, ஒரு சின்னச் சத்தத்துடன் அணைந்துபோகும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவு, அது அணைவதும், பிறகு ஒரு காசு விழுகிற ஓசையும், திரும்பப் பற்றுவதும் அரைத் தூக்கத்தில் கேட்டது. விடியப்புறம் அவர் பஸ்ஸுக்கு நிற்காமல் குளிரில் நடந்தே வேலைக்குப் போனார். அந்தப் பத்துப் பென்ஸ் எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை.

இதனோடு 200 பவுணுக்கு ஒரு காசோலை வைத்திருக்கிறேன். குழந்தையின் அறைக்கு. இது கொடையல்ல, கடன் தீர்ப்பது. உன் அம்மாவிடம் கேட்காதே, மருமகனிடமும் சொல்லாதே. வருகிற சனிக்கிழமை மூவரும் வாருங்கள். மாமி ஒடியற்கூழ் காய்ச்சுகிறாள். எங்கள் வீட்டில் குளிராது.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
மாமா.

பிற்குறிப்பு: உன் வாயு மானியின் முகப்பில், எண்களுக்குப் பக்கத்தில், கன மீற்றர் என்றிருக்கிறதா, கன அடி என்றிருக்கிறதா என்று பார்த்து, இன்றைய எண்ணையும் சேர்த்து அனுப்பு. என் கொப்பியில் உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கோடு கீறி வைத்திருக்கிறேன்.