கெளுத்திக்கு ஊசி போடுமுன் வயிற்றைத் தொட்டுப் பார்

தங்கச்சி, கெளுத்திக் குஞ்சு பொரிக்கணும், எந்த ஊசி வாங்கட்டும் என்றுதான் முதலில் கேட்கிறாய். ஊசி அப்புறம். மாகூர் என்று விற்கிறார்களே, அந்த நாட்டுக் கெளுத்தி தொட்டியிலும் சினை பிடிக்கும். ஆனால் புது மழைத்தண்ணீர் பாயும் வயல் அங்கே இல்லாததால் முட்டை விடாது. மூளையில் சுரக்கும் டோபமைன் அதைத் தடுத்துவைக்கும். ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் அந்தத் தடையை நீக்கி, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டிவிடும். முற்றாத சினையை முற்றவைக்க எந்த ஊசியாலும் ஆகாது.

அதனால் சினைமீனைப் பார்த்து எடு. ஜூலை, ஆகஸ்ட் நல்ல பருவம். பெண் மீனின் வயிறு உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கணும். மலத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முளை பெண்ணுக்குப் பொத்தான் போல உருண்டை. ஆணுக்கு நீண்டு கூராக இருக்கும். தீனி தின்ற வயிறும் உப்பித்தான் தெரியும், ஆகவே ஒரு நாள் பட்டினி போட்டுவிட்டுப் பார்.

ஈரத்துணியால் கண்ணை மூடிப் பிடித்தால் மீன் துள்ளாது. பக்க முள் குத்தினால் கடுக்கும், கவனம். முதுகுத் துடுப்புக்குக் கீழே, சதையில் சாய்வாகப் போடு. நாட்டுக் கெளுத்திக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லி ஓவாப்ரிம் போடுவது வழக்கம். 200 கிராம் மீனுக்கு 0.2 மில்லியில் தொடங்கலாம். கண் அளவு வேண்டாம், மீனை எடைபோடு.

தண்ணீர் 28 டிகிரி இருந்தால், ஊசி போட்டபின் முட்டை தயாராக ஏறக்குறைய 16, 17 மணி நேரம் ஆகும். மாலை ஐந்துக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பது, பத்துக்கு நீவிப்பார். லேசாக நீவியதுமே பழுப்பு முட்டை வழிந்து வரணும். வரவில்லையென்றால் அழுத்தாதே, இரத்தம்தான் வரும். கொஞ்ச நேரம் விட்டுப் பார்.

ஆண் கெளுத்தியை நீவினால் விந்து வராது. அறுத்துத்தான் விந்துப்பையை எடுக்கணும். மனசு கஷ்டப்படும், வேறு வழி இல்லை. ஒரு ஆண் இரண்டு பெண்ணுக்குப் போதும், வீணாக அறுக்காதே. 0.9 சதவீத உப்புநீரில் நசுக்கி, உலர்ந்த பாத்திரத்தில் இருக்கும் முட்டையோடு கோழி இறகால் கலந்து, அதன்பிறகே தண்ணீர் ஊற்று. தண்ணீர் பட்டதும் விந்தணு விழித்துக்கொள்ளும், சீக்கிரமே செத்தும்விடும்.

ஒட்டும் முட்டை, ஒரே அடுக்காகப் பரப்பு. தண்ணீர் மெல்ல ஓடட்டும். வெளுத்ததைப் பொறுக்கிவிடு, இல்லையென்றால் பூஞ்சை பரவும். ஒரு நாளில் பொரிந்துவிடும்; மூன்று, நான்கு நாளில் மஞ்சள் கரு கரைந்ததும் மொய்னா, ஆர்ட்டீமியா போன்ற உயிர்த்தீனி கொடு. பசித்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும்.

தாய்மீன் வாங்கும்போது தலையின் பின்பக்க எலும்பைத் தடவிப் பார். நாட்டு மீனுக்கு ஒரே கூர்முனை இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அலை அலையாக இருக்கும். சீக்கிரம் வளரும் என்று யார் சொன்னாலும் அதை வாங்காதே. நம் ஏரி, குளத்து மீன்களைத் தின்றுவிடும். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது.