மாற்றியவர் ஒருவர், மாட்டுகிறவர் ஒருவர்

கேள்வி: சார், நான் குளச்சல்காரன். கத்தார் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். நெய்யாற்றின்கரையில் ஒருவரிடம் 2016 மாடல் மஹிந்திரா தார் விலை பேசி அட்வான்ஸும் கொடுத்திருக்கிறேன். கேரளப் பதிவு வண்டி. துணிக்கூரையைக் கழற்றிவிட்டு ஃபைபர் கூரை போட்டிருக்கிறார். பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், கூரைமேல் எல்.இ.டி. பார், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம். சைலன்சரும் மாற்றியதுதான். “பிடித்தால் ஐந்நூறோ ஆயிரமோ ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம். மாற்றியது நான், உங்கள்மேல் எப்படிக் கேஸ் வரும்?” என்கிறார். திங்கள்நகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கும் இதையேதான் சொல்கிறார். என் மாமனார் மட்டும் இந்த வண்டியே வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கிறார். யார் சொல்வது சரி?

– வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் மாமனார் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அதற்காக வண்டியையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் இப்போதிருக்கும் கோலத்தில் அது உங்கள் பெயருக்கு வரக்கூடாது.

முதலில் அந்த ஐந்நூறு ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். சில நூறு ரூபாயோடு இந்த விஷயம் முடிந்த காலம் ஒன்று இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் அதை மாற்றிவிட்டது. அப்போது சேர்த்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் கூரை, டயர், பம்பர், விளக்கு, சைலன்சர் என்று ஐந்தை எண்ணினாலே இருபத்தைந்தாயிரம் ஆகிறது.

சிறைத் தண்டனை ஏட்டில் மட்டும் இருப்பது என்று நினைக்காதீர்கள். ஸ்ரீநகரில் ஒரு தார் உரிமையாளருக்குப் போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதத் தண்டனை விதித்த செய்தி 2023 தொடக்கத்தில் வந்தது. அவர் வண்டியிலும் ஏறக்குறைய உங்கள் பட்டியல்தான்: கூரை, பெரிய டயர், எல்.இ.டி. விளக்கு, அதோடு ஒரு சைரன். முன்பு எந்தக் குற்றமும் செய்யாதவர் என்பதால் நன்னடத்தைப் பிணையில் சிறைக்குப் போகாமல் தப்பினார். வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆசைப்பட்டுச் செலவு செய்ததை எல்லாம் மறுபடி செலவு செய்து கழற்ற வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் அடிப்படை 52-ஆம் பிரிவு. வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் முரண் வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. விதிகளை மீறாத வரை கட்டமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கே. ஜெயச்சந்திரா வழக்கு என்று சொல்வோம். கம்பெனி குறிப்பிட்ட அளவுகளிலிருந்து விலகும் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அங்கீகரிக்க முடியாது என்பது அதன் சாரம். ஆகவே “மாற்றிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், அது எல்லா மாற்றத்துக்கும் பொருந்தாது. கலர் மாற்றினால் ஆர்.சி.யில் பதியலாம். அங்கீகாரம் பெற்ற கிட் வைத்து சி.என்.ஜி.க்கு மாற்றுவதற்கும், மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக வண்டியை வடிவமைப்பதற்கும் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஃபைபர் கூரைக்கு அப்படி ஒரு வழி இல்லை. விற்கிறவர் “ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகனச் சோதனை அமைப்பு) அப்ரூவல் உள்ளது” என்றால், இந்த மாடலுக்கு இந்தக் கூரைக்குக் கொடுத்த சான்றிதழையும் ஆர்.சி.யில் அதன் பதிவையும் கேளுங்கள். இரண்டையும் காட்ட முடியாவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

இனி, “மாற்றியது நான்தானே” என்ற வாதம். இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 182ஏ பிரிவு ‘மாற்றும் உரிமையாளர்’ என்றுதான் பேசுகிறது. வாங்கியவர் தான் மாற்றவில்லை என்று நிரூபித்தால் அந்த ஒரு பிரிவில் வாதாட இடம் உண்டு. ஆனால் அதை நீங்கள் சாலையோரத்தில் நின்று வாதாட முடியாது. கோர்ட்டில்தான் முடியும், அதுவரை வண்டி எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மற்றப் பிரிவுகள் மாற்றியது யார் என்று கேட்பதும் இல்லை. சத்தம், புகை பற்றிய விதியை மீறும் வண்டியை ஓட்டுகிறவர்மேல் 190(2) பாயும். மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. உங்கள் சைலன்சருக்கு இது ஒன்றே போதும். அதற்கும் மேலே, வண்டி பொதுமக்களுக்கு ஆபத்து என்றோ சட்டத்துக்கு ஒத்ததாக இல்லை என்றோ கருதினால் 53-ஆம் பிரிவில் பதிவையே நிறுத்திவைக்கலாம். அது யார் பெயரில் இருக்கும் பதிவு? அன்றைக்கு உங்கள் பெயரில் இருப்பது.

பதிவை நிறுத்திவைப்பது எப்படி இருக்கும் என்பதைக் கேரளத்தில் எல்லோரும் பார்த்தார்கள். ஈ புல் ஜெட் என்ற பெயரில் பயணக் காணொளி போடும் கண்ணூர்ச் சகோதரர்களின் டிராவலர் வேனை 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகனத் துறை பிடித்தது. அபராதம் மட்டும் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஆபீஸில் தகராறு செய்ததால் கைது வேறு. அடுத்த மாதம் வண்டியின் பதிவை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். 2024 மே மாதம் ஆலப்புழையில் ஒருவர் டாடா சஃபாரிக்குள் தார்பாலின் விரித்துத் தண்ணீர் நிரப்பி நீச்சல் குளமாக்கிச் சாலையில் ஓட்டியதும், அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். இவை அளவுமீறிய கதைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு கேரளத்தில் சாதாரண வண்டிகள்மேலும் கண் விழுகிறது. குளச்சலில் இருந்து கிளம்பினால் களியக்காவிளை எவ்வளவு தூரம்? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாதம் ஒருமுறையாவது போகாத வீடு நம் பக்கத்தில் குறைவு. தக்கலையில் யாரும் கேட்கவில்லை என்பது பாறசாலையில் செல்லுபடி ஆகாது.

கேஸை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை டயரும் பம்பரும்தான்.

உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த டயர் 235/70 ஆர் 16. அதன் குறுக்களவு சுமார் 735 மில்லிமீட்டர். இந்த வண்டிகளில் ஆசைப்பட்டுப் போடும் 265/75 ஆர் 16 டயருக்கு அது சுமார் 804 மில்லிமீட்டர். ஒன்பது சதவீதம் பெரிசு. மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-க்கு மேல் போகும். டயரின் எடை கூடும், வண்டியின் உயரம் ஏறும், பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். உங்கள் மாடலில் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. மழை நேரத்தில் மண்டைக்காடு ரோட்டில் ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்பும்போது அந்த வித்தியாசம் தெரியும். விற்கிறவர் என்ன அளவு போட்டிருக்கிறார் என்று டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

இரும்பு பம்பர் விஷயத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது: இவற்றைப் பொருத்துவது 52-ஆம் பிரிவுக்கு மீறல், நடவடிக்கை எடுங்கள் என்று. வழக்கமாகச் சொல்லும் காரணம், மோதலில் ஏர்பேக் விரிவதை அது கெடுக்கும் என்பது. உங்கள் தாரில் ஏர்பேக்கே இல்லாததால் அந்தக் காரணம் பொருந்தாது என்று மெக்கானிக் சொல்லக்கூடும். மீதிக் காரணம் பொருந்தும். மோதலின் வேகத்தை வாங்கி நசுங்க வேண்டிய முன்பாகம் நசுங்காமல், அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். உள்ளே இருப்பவர் உடம்புக்கும் போகும். எதிரே நடந்து வருகிறவருக்கோ அது வெறும் இரும்புக் கம்பி. விடியற்காலை நான்கு மணிக்குத் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அலுமினியப் பாத்திரத்தோடு மீன் எடுக்கப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கூரைமேல் இருக்கும் எல்.இ.டி. பாரைப் போட்டால் அவர்களுக்கு ரோடே தெரியாது. அந்த விளக்கையும் பம்பரையும் கழற்றச் சொல்வதற்கு எனக்குச் சட்டப் பிரிவுகூடத் தேவையில்லை.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் முதலில் வருவது பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். வண்டியைப் பார்த்து அவர் எழுதுவதில் டயரும் பம்பரும் கூரையும் இடம்பெறும். உயிர்ச்சேதம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனைக்கு இடம் உண்டு. கவனக்குறைவு இல்லை என்று நீங்கள் வாதாடும்போது எதிர்த்தரப்பு அந்த ரிப்போர்ட்டைத்தான் விரித்து வைக்கும்.

இன்ஷூரன்ஸ் பற்றி நம் ஊரில் ஒரு தப்பான பயமும் ஒரு தப்பான தைரியமும் சேர்ந்தே உலவுகின்றன. மாற்றிய வண்டி என்றால் அடிபட்டவருக்குப் பணமே வராது என்பது தப்பான பயம். மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டியதை மறுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சில காரணங்களை மட்டுமே கொடுத்திருக்கிறது, வண்டியை மாற்றியது தனிக் காரணமாக அதில் இல்லை. ஆனால் முக்கியமான விவரத்தை மறைத்து பாலிசி எடுத்தது என்ற காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க உத்தரவு கேட்கலாம். தலைக்காயத்தோடு படுத்தவருக்கு ட்ரிப்யூனல் கொடுக்கும் தொகை லட்சங்களில் ஓடும். தப்பான தைரியம், சொந்த வண்டிச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் வந்துவிடும் என்பது. சர்வேயர் வந்து ஆர்.சி.யையும் பாலிசியையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் கண்ணில் பட்டால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ செய்வார்கள்.

ஃபிலிம் பற்றிச் சுருக்கமாக: 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டதால், முன்பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் புகும் ஃபிலிமுக்குத் தடை இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. தமிழ்நாட்டு போலீஸை அந்தத் தீர்ப்பு கட்டாது. நீங்கள் சொல்வதோ கறுப்பு ஃபிலிம். இரண்டு மாநிலத்திலும் அது தேறாது, கிழித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இது கேரள வண்டி என்பது உங்களுக்குச் சாதகம். 28-ஆம் படிவத்தில் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவுக்குப் போகும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும். இந்தக் கோலத்தில் காட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையை விற்கிறவர் தலையில் வையுங்கள். பழைய துணிக்கூரை, பம்பர், சைலன்சர் அவரிடம் கிடக்கிறதா என்று கேளுங்கள். கழற்றியதைப் பலர் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் புதிதாக வாங்கிப் பொருத்த ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா, பிளாக்லிஸ்டில் இருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள். லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

அவர் முரண்டு பிடித்தால் ஒரு விஷயத்தை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. பெயர் மாறும்வரை இந்த பம்பரும் டயரும் அவர் கணக்கில்தான் ஓடுகின்றன. சீக்கிரம் கைகழுவ வேண்டிய அவசரம் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம். கழற்றிய பிறகு ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் எண், சேஸிஸ் எண், கலர், சீட் எண்ணிக்கை, பாடி வகை என்று ஒவ்வொன்றாக வண்டியோடு ஒத்துப் பாருங்கள். தடையில்லாச் சான்று வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இந்த நிபந்தனைகளை இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். துணிக்கூரையோடு அப்படியே இருக்கும் 2016 தார் இன்னும் கிடைக்கிறது.