கோவலன் கொலை: குற்றவாளி யார்?

சென்ற ஆண்டு நம் பேரவை விழாவில் நடந்த பட்டிமன்றத்தை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘கோவலனின் வீழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் ஊழ்வினையா, அவன் ஒழுக்கமா, பாண்டியன் தீர்ப்பா?’ என்பது தலைப்பு. பாண்டியனைக் குற்றம் சாட்டும் அணியில் நான் பேசினேன். மைக் கையில் கிடைத்த சந்தோஷத்தில் கைதட்டலுக்காக என்னவெல்லாமோ பேசினேன். கடைசியில் நடுவர், ‘எல்லாம் ஊழ்’ என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் யாரும் மறுத்துப் பேசவில்லை!

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எல்லாமே விதிதான் என்றால் இளங்கோவடிகள் 3 காண்டம், 30 காதை எழுதியிருக்க வேண்டியதில்லையே? விடுமுறையில் மேலப்பாளையம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிலப்பதிகாரத்தை உரையோடு முழுசாகப் படித்தேன். “மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது எதுக்குலே?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் திருப்பிக் கேட்டேன்: ஓடுகிற மெஷினில் ஒரு ஷாப்ட் உடைந்தால் ‘விதி’ என்று ரிப்போர்ட் எழுத முடியுமா? விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று உடைந்த இடத்திலிருந்து பின்னோக்கித் தேடுவோம் இல்லையா? அந்த முறையில் நான் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாள் வீசியவன்

கொலைக்களக் காதையில் கோவலனை வெட்டியவன் ஒரு காவலாளி; படிப்பறிவு இல்லாதவன், குடிபோதையில் இருந்தவன். ஆனால் அவனோடு வந்தவர்களில் ஒருவன் கோவலனைப் பார்த்ததுமே, ‘இவன் திருடன் மாதிரி தெரியவில்லையே’ என்று தயங்குகிறான். உடனே பொற்கொல்லன், திருடர்கள் மந்திரம், மருந்து, தந்திரம் எல்லாம் தெரிந்தவர்கள் என்று பெரிய பாடமே நடத்துகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். பேசித்தானே ஆக வேண்டும்? சந்தேகம் வந்த காவலாளியோ வாயை மூடிக்கொண்டான். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே கொலை நின்றிருக்கும்.

தீர்ப்புச் சொன்னவன்

பாண்டியன் நெடுஞ்செழியன் அந்த நேரத்தில் அவையில் இல்லை. ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்கிறான். சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். நடந்துகொண்டே ஒரு மரண தண்டனை!

அரசியின் சிலம்புக்குள் முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். இது பாண்டியனுக்குத் தெரியாத ரகசியமா? தன் சிலம்பில் முத்து இருப்பதைப் பின்னால் அவனே சொல்கிறான். சோதித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். வழக்குரை காதையில் கண்ணகி செய்தது அந்தச் சோதனையைத்தான். நம் லேப் பாஷையில் சொன்னால் ‘டிஸ்ட்ரக்டிவ் டெஸ்ட்’! சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, பாண்டியன் உயிரை விட்டான். அவன் செய்திருக்க வேண்டிய சோதனையைப் புருஷனைப் பறிகொடுத்தவள் வந்து செய்ய வேண்டியிருந்தது.

‘ஆகவே பாண்டியனே குற்றவாளி’ என்று பட்டிமன்றத்தில் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். விரிசல் இன்னும் பின்னால் போகிறது.

கானல்வரியில் நடந்தது

இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் இருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனசில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி நினைத்துக்கொள்கிறாள். பதிலுக்கு அவளும் வேறொருவனை நினைப்பதுபோல் பாடுகிறாள். அதை அப்படியே நம்பிக் கோவலன் எழுந்து போய்விடுகிறான். அவளும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. பிறகு மாதவி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தைக்கூட அவன் வாங்கவில்லை. ‘அவள் ஆடல்மகள், எல்லாம் நடிப்பு’ என்று சொல்லிவிட்டான்.

நண்பர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். பொற்கொல்லன் வார்த்தையை வைத்துப் பாண்டியன் கோவலனுக்குச் செய்ததும், ஒரு பாட்டை வைத்துக் கோவலன் மாதவிக்குச் செய்ததும் ஒன்றுதானே? இவன் வழிப்போக்கன், ஆகவே திருடன். அவள் ஆடல்மகள், ஆகவே பொய்க்காரி. ‘மாதவியால கெட்டான்’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். நாமும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறோம்!

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்திலும் இதே விரிசல் உண்டு. இங்கே சிலம்பு, அங்கே கைக்குட்டை. இங்கே பொற்கொல்லன், அங்கே இயாகோ. அவன் பேச்சை நம்பி மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகுதான் ஒத்தெல்லோவுக்கு உண்மை தெரிகிறது.

அப்படியானால் ஊழ்?

ஊழ் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் ஊழும் ஒன்று. ஆனால் அது மூன்றாவதாக வருகிறது. முதலாவது, ஆட்சியில் தவறியவர்களைப் பற்றியது. சரி, அந்த ஊழ்தான் என்ன? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசனுக்கும் கபிலபுரத்து அரசனுக்கும் பகை. சங்கமன் என்ற வணிகன், மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு நகை விற்க வருகிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன், ‘இவன் பகை நாட்டு ஒற்றன்’ என்று பிடித்துக் காட்டிக் கொல்ல வைக்கிறான். நீலி 14 நாள் அழுது அலைந்து, மலையேறி, சாபமிட்டு உயிரை விடுகிறாள். அந்தப் பரதன்தான் மறுபிறப்பில் கோவலன்!

வெளியூர் வணிகன், விற்க வந்த நகை, பொய்க் குற்றச்சாட்டு, விசாரணை இல்லாத கொலை, நியாயம் கேட்டு அழும் மனைவி. ஆக, ஊழ் என்பது வானத்திலிருந்து விழுந்த பழி இல்லை. அதுவும் எங்கோ ஒருவன் விசாரிக்காமல் செய்த கொலைதான். பின்னோக்கி எவ்வளவு தூரம் போனாலும் விரிசலின் பெயர் மாறவில்லை: கேட்காமல் தீர்ப்புச் சொன்னது.

கொற்கையில் நடந்தது

கதை மதுரையோடு முடியவில்லை. எங்கள் ஊர் வழியாக ஓடும் பாளையங்கால்வாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர்தான். அந்த ஆறு கடலைச் சேரும் பக்கத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. நெடுஞ்செழியன் இறந்தபோது வெற்றிவேற்செழியன் அங்கே இருந்தான். கண்ணகியின் கோபம் தணிய அவன் என்ன செய்தான் தெரியுமா? பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான் என்கிறது சிலம்பு. சிலம்பைத் திருடியது ஒருவன்! மீதிப் பேர் செய்த குற்றம், அவன் தொழிலைச் செய்ததுதான். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம், விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொல்வதா?

இந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. மேலப்பாளையம் என்று அட்ரஸ் சொன்னதும் முகம் மாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கோ எவனோ செய்த தப்புக்கு ஊரே பதில் சொல்ல வேண்டும் என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் என்ன செய்தேன்? இரண்டாம் ஆண்டில் என் சயின்டிபிக் கால்குலேட்டர் காணாமல் போனது. பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் சொந்தமாகக் கால்குலேட்டர் கிடையாது. அடிக்கடி என்னிடம்தான் வாங்குவான். ‘அவன்தான் எடுத்திருப்பான்’ என்று நாலு பேரிடம் சொன்னேன். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. நாலாம் நாள் உம்மா டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்து, “ஏலே, இதையா தேடுன?” என்றாள். அதற்குள் அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

தன் தவறு என்று சொன்னவர்கள்

சிலம்பில் இரண்டு பேரை எனக்குப் பிடிக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில், கௌசிகன் கொண்டுவந்த மாதவியின் இரண்டாவது கடிதத்தைக் கோவலன் படிக்கிறான். அவள்மேல் குற்றமில்லை, தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொள்கிறான். பாண்டியனும் மாணிக்கத்தைக் கண்டதும், பொற்கொல்லன் மேலோ காவலாளி மேலோ விதி மேலோ பழி போடவில்லை; தானே கள்வன் என்று சொல்லி விழுகிறான். இருவரும் பெரிய மனிதர்கள்தான். ஆனால் இருவரும் சொன்னது காலம் கடந்து.

ஆகவே, நடுவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், என் தீர்ப்பு இதுதான்: குற்றவாளி ஊழ் இல்லை, மாதவி இல்லை, பொற்கொல்லன் மட்டுமோ பாண்டியன் மட்டுமோ இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத ஒவ்வொருவரும் குற்றவாளிதான். அந்தப் பட்டியலில் என் பேரும் உண்டு.

நாளை நாம் சூப்பர்வைசர்களாக, இன்ஸ்பெக்டர்களாகப் போகப் போகிறோம். மெஷின் நிற்கும், பொருள் காணாமல் போகும். நாலு பேர் கூடி ஒருவனைக் கை காட்டுவார்கள். அப்போது சிலம்பை ஒரு தரம் குலுக்கிப் பாருங்கள் நண்பர்களே! உள்ளே முத்தா, மாணிக்கமா?

நான் அந்த நண்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுலே” என்றான். இப்போதும் கால்குலேட்டர் என்னிடம்தான் வாங்குகிறான்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்