நீச்சல் குள விரிப்பு: பசையின்றி இணைவது எப்படி?

மாணவர்களே, சில நீச்சல் குளங்களில் ஓடு பதித்திருக்காது. அதற்குப் பதிலாக நீலநிறப் பிவிசி விரிப்பு தரையையும் சுவரையும் மூடியிருக்கும். அது பல துண்டுகளை இணைத்து உருவாக்கப்படுவது. இணைப்பில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் நீர் கசியும். நாளடைவில் அடியிலுள்ள மண்ணையும் அரித்துவிடும். அப்படியானால் இணைப்பு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்!

பின்னிக்கொள்ளும் சங்கிலிகள்

பிவிசி ஒரு பாலிமர். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெப்பமூட்டினால் இந்தச் சங்கிலிகள் தளர்ந்து நகரத் தொடங்கும். அப்போது இரு துண்டுகளையும் சேர்த்து அழுத்தினால், ஒன்றின் சங்கிலிகள் மற்றொன்றுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். ஆறியதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். டயர் ரப்பரை இப்படி இணைக்க முடியாது. அதன் சங்கிலிகளுக்கு இடையே நிலையான குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் அது இளகாது.

இரண்டு வழிகள்

குளத்திலேயே இணைக்கும்போது, ஒரு துண்டின் ஓரத்தை மற்றொன்றின்மேல் ஏற்றி வைப்பார்கள். வெப்பக்காற்றுக் கருவியின் மூக்கை இடையில் செலுத்தி நகர்த்தியபடியே, பின்னால் சிறிய உருளையால் அழுத்துவார்கள்.

தொழிற்சாலையில் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைப் பயன்படுத்துவார்கள். பிவிசியில் உள்ள குளோரின் அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் ஈர்ப்பதால், மூலக்கூறில் நேர், எதிர் முனைகள் உண்டாகின்றன. மின்புலம் வினாடிக்கு 27 மில்லியன் முறைக்கு மேல் அலைவுறும்போது, அம்முனைகளும் அதனுடன் திரும்ப முயல்கின்றன. அதனால் விரிப்பு உள்ளிருந்தே சூடாகிறது.

அளவு முக்கியம்

வெப்பம் குறைந்தால் இணைப்பு வெளியே நன்றாகத் தெரியும், இழுத்தால் பிரிந்துவிடும். மிகுந்தால் பிவிசி பழுப்பேறிச் சிதைந்து, நுரையீரலைப் பாதிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். ஆகவே வீட்டில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் பார்க்காதீர்கள்.

மாதிரித் துண்டை இழுத்துச் சோதிக்கும்போது, இணைப்பு பிரியாமல் அதன் அருகிலுள்ள விரிப்பே கிழிந்தால் வேலை சரி.

செய்து பாருங்கள்: முறுக்குப் பொட்டலத்தின் ஓரத்தை மெல்ல இழுங்கள். பிரிவது இணைப்பா, பக்கத்துத் தாளா?

சிந்தியுங்கள்: பாலிஎதிலீனில் குளோரின் இல்லை. வானொலி அலையால் அதை இணைக்க முடியுமா? ஏன்?