கார்ட்லெஸ் போன் பெட்டிகளுக்கு ஒரே கடிகாரம்

முன்னால் கடை, மாடியில் கணக்கு அறை, பின்னால் கிடங்கு என்று நம்மில் பலருடைய வியாபாரம் மூன்று இடமாகப் பிரிந்து கிடக்கிறது. ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது கார்ட்லெஸ் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விற்பனையாளரின் சொந்த செல்லுக்கே பேசிப் பழகிய வாடிக்கையாளர், அவர் வேலையை விட்டுப் போனால் கூடவே போய்விடுவார். கடை எண்ணுக்கு வரும் ஆர்டர் கடைக்கே வரும். ஆகவே இது செலவல்ல, வாடிக்கையைக் காக்கிற ஏற்பாடு என்பதே எங்கள் கருத்து.

தனித்தனியாக மூன்று கார்ட்லெஸ் வாங்கி மூன்று இடத்தில் வைத்தால் வேலை ஆகாது. கல்லாவிலிருந்து பேசிக்கொண்டே கிடங்குக்குப் போனால் பாதி வழியில் பேச்சு அறுந்துவிடும். சர்க்கரை விலையை முடிக்கிற நேரத்தில் அறுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பல பேஸ் ஸ்டேஷன் பெட்டிகள் ஒரே அமைப்பாக இயங்கும் 'மல்டி செல்' வகையே தேவை. அதில் போனை ஒருமுறை பதிவு செய்தால் போதும். நடக்க நடக்க ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குப் பேச்சைக் கைமாற்றிவிடும்.

இந்தக் கைமாற்றத்தின் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. டெக்ட் என்னும் இந்த முறையில் நேரம் 10 மில்லி செகண்ட் கொண்ட துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 24 அறைகள். 12 பெட்டி பேசுவதற்கு, 12 போன் பேசுவதற்கு. பெட்டிக்குப் பெட்டி கடிகாரம் பத்து லட்சத்தில் சில பங்கு பிசகினாலும் சில நிமிடங்களில் ஓர் அறை முழுவதும் தள்ளிப் போய்விடும். பிறகு ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறும், கரகரக்கும், கைமாற்றமும் நடக்காது. ஒரே மண்டியில் இரண்டு தராசுக்கு இரண்டு விதப் படிக்கல் வைத்தது போல்தான்.

(இதே டெக்ட் முறையை அடிப்படையாக வைத்துத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கினார்கள்.)

எனவே ஒரு பெட்டி தலைமைப் பெட்டி. அடுத்தது அதன் அலையைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். மூன்றாவது இரண்டாவதைக் கேட்கும். சங்கிலி நீள நீளப் பலவீனம். தலைமைப் பெட்டியைக் கல்லா ஓரத்தில் வைக்காமல் கட்டடத்தின் நடுவில் வைத்தால் மற்றவை நேராக அதையே கேட்கும். போன் பேச எட்டும் தூரம் வேறு, பெட்டியைப் பெட்டி ஓயாமல் தெளிவாகக் கேட்கும் தூரம் வேறு. இரண்டாவது குறைவு. சில தயாரிப்புகளில் லேன் கேபிள் வழியாகவே நேரத்தை ஒத்துப்போகச் செய்யலாம். அதற்கு ஏற்ற சுவிட்ச் வேண்டும், கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

நம் தொழிலுக்கே உரிய சங்கடம் சரக்குதான். எங்கள் கிடங்கில் பெட்டி மாட்ட வந்தவர் ஆடி மாதம், பாதி கிடங்கு காலியாக இருக்கையில் அளந்து பார்த்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு முன் வெல்லமும் அரிசி மூட்டையும் கூரை வரை ஏறியதும் பின்பக்கப் பெட்டி தலைமைப் பெட்டியைக் கேட்கவில்லை. மூட்டை அலையை உறிஞ்சும், எண்ணெய் டின் அடுக்கு திருப்பி அடிக்கும். அவருக்கு நம் சீசன் தெரிய நியாயமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். பெட்டியைச் சரக்கு அடுக்கும் உயரத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். சரக்கு நிறைந்திருக்கும்போது, பேசிக்கொண்டே ஒருவரை மூலை மூலையாக நடக்கவிட்டுப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது நம் வழக்கம். நடுப் பெட்டி அணைந்தால் அதைக் கேட்டு ஓடும் பின் பெட்டியும் தடுமாறும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே யு.பி.எஸ். நல்லது. எந்தப் பெட்டி எங்கே, எது எதைக் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கணக்கு அறையில் ஒட்டி வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் பொருத்தியவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. நம் கைக்கு வந்ததும் மாற்ற வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாப் பெட்டிக்கும் சேர்த்தே, அதுவும் விடுமுறை நாளில்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கார்ட்லெஸ் இந்த அமைப்பில் சேராது. அங்கே 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய வகைக்கு 1880 முதல் 1900. நம் நாட்டில் பயன்படுத்த ஒப்புதல் பெற்ற கருவிதானா என்று கேட்டு, பில்லுடன் வாங்குங்கள்.