சதுரம் சதுரமாய்



மாமல்லபுரக் குன்றில் பல்லவர் காலத்தில் தொடங்கி, முடிவடையாமல் நின்றுபோன குடைவரைகள் உண்டு. அவற்றின் சுவரை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். சிற்பிகள் பாறையைச் சதுரங்களாகப் பிரித்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவே நின்ற கல்லை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்தார்கள்.

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு இது நல்ல பாடம். 1902-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளைக் குறித்து விரிவுரையாற்றினார். பலருக்கு இது வளர்ந்த பின்னும் தொடர்கிறது. செங்கல்பட்டில் காலை ரயிலேறி வேலைக்குப் போகிறவர்களிலும் இவர்கள் இருப்பார்கள். வீட்டார் இவர்களைச் சோம்பேறி என்கிறார்கள். இது சோம்பல் அல்ல. மூளை கவனத்தை நடத்தும் விதமே வேறு. நேரம் போவதே பலருக்குத் தெரிவதில்லை.

நாம் செய்யக்கூடியவை:

1. பெரிய வேலையைச் சிறு சதுரங்களாக்கித் தாளில் எழுதுங்கள்.

2. ஒரு சதுரத்துக்கு 20 நிமிடம் கடிகாரத்தில் மணி வையுங்கள். மணி அடித்ததும் 5 நிமிடம் நடங்கள்.

3. கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள்.

4. வேறு நினைவு வந்தால் ஓரத்தில் குறித்துவிட்டு, வேலைக்குத் திரும்புங்கள்.

5. அருகில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதும் உதவும்.

மருந்தும் உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் இதற்குத் தனி இடமில்லை. ஆகவே வீட்டாரும் மேலதிகாரியும் காட்டும் பொறுமையே இவர்களுக்குப் பெரிய ஆதரவு. "ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்பதை விட்டு, "அடுத்த சதுரம் எது?" என்று கேட்போமாக.