பாடம்: கோவில்பட்டிக்குச் சென்ற காணொளி

மாணவர்களே! சென்ற பொங்கலின்போது நம் வகுப்பில் ஒரு காணொளி உருவாயிற்று. மாணவி ஒருத்தியின் இல்லத்திற்கு வந்திருந்த ஆச்சி, தம் இளமைக்காலப் பொங்கலைப் பற்றிப் பேசினார். (தென்மாவட்டங்களில் பாட்டியை ஆச்சி என்றும் அழைப்பர்.) படப்பிடிப்பில் குறையில்லை. ஆச்சியின் முகத்திற்குக் கீழே 'கோவில்பட்டி' என்னும் ஊர்ப்பெயர் தோன்றவேண்டும். தோன்றியது, ஆனால், ககரத்தின் இடப்புறம் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு வலப்புறம் தள்ளி நின்றது. வகுப்பில் ஒருவரும் அதனைக் கண்டுகொள்ளவில்லை. அவசரத்தில் நானும் பார்க்கத் தவறினேன். ஊர் திரும்பியபின் கைப்பேசியில் அதனைப் பார்த்த ஆச்சி, "பேத்திக்கு என் ஊரின் பெயரை எழுத வராதோ?" என்று கேட்டாராம்.

பேத்தி சரியாகவே தட்டச்சு செய்திருந்தாள். பிழை வேறிடத்தில் நேர்ந்தது. கணினி, 'கோ' என்னும் எழுத்தில் ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அதன் பின்னும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்துகிறது. படத்தொகுப்பு மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளுக்குரிய அமைப்பு இயங்காவிடின் இவ்வொழுங்கு குலையும். ஆகவே, தலைப்பை ஒருங்குறி எழுத்துருவில் அமைத்து, எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா எனப் பார்த்து, படமாகவே சேமித்துத் தொகுப்பவரிடம் தருதல் நன்று. அப்படம் பிஎன்ஜி வடிவில் இருக்கட்டும். அதில் பின்னணியை ஒளி ஊடுருவுவதாக அமைக்கலாம். ஜேபெக் வடிவில் அது இயலாது. எழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கட்டம் ஆச்சியின் புடவையை மறைத்துவிடும்!

படத்தின் அளவும் முன்னரே பொருந்தவேண்டும். காணொளி 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்டதாயின், திரையை நிறைக்கும் கோலப்படமும் அவ்வளவினதாதல் வேண்டும். 640 × 360 அளவுள்ள படத்தை விரித்தால், ஒரு புள்ளி ஒன்பது புள்ளிகளின் இடத்தை நிரப்பும். கோலத்தின் இழைகள் மங்கும். பொங்கும் பானை போன்ற அசையும் வரைகலைக்கு வேகமும் ஒத்திருக்கவேண்டும். நாம் நொடிக்கு 25 சட்டங்களாகப் படம் பிடித்தோம். ஆதலால் நான்கு நொடி அசைவுக்கு 100 சட்டங்கள் தேவைப்பட்டன. பச்சைத்திரைக்கு முன் நிற்போர் பச்சை உடை அணியலாகாது. திரையை நீக்கும்போது உடையும் மறைந்து, தலை மட்டும் மிதக்கும்.

இறுதிக் கோப்பு உருவானபின் எழுத்து காட்சியோடு ஒன்றாகிவிடும். அதனை மட்டும் தனியே திருத்த இயலாது. நாம் தலைப்பை மாற்றி, முழுக் காணொளியையும் மீண்டும் உருவாக்கி, கோவில்பட்டிக்கு அனுப்பினோம்.

பயிற்சி

1. கெ, கே, கை, கொ, கோ: இவற்றில் உயிர்க்குறிகள் எப்பக்கம் நிற்கின்றன என எழுதுக.

2. ஆறு நொடி அசைவுக்கு, நொடிக்கு 25 வீதம், எத்தனை சட்டங்கள் தேவை?

3. உம் பாட்டி அல்லது தாத்தாவின் ஊர்ப்பெயரைத் தலைப்புப் படமாக அமைக்க. அதனை அவருக்கே அனுப்பி, பிழை உண்டா எனக் கேட்டு, அவர் கூறிய விடையை இங்கு எழுதுக.